கூற்றில்லாக் காட்சி: அந்தமான் கரையும் தமிழ்ப் பாடற்காட்சிகளும்

திரைப்பாடல் தமிழாய்வுக்கு உரிய பொருளாகுமா என்னும் வினா இன்று பழையதாகிவிட்டது. கண்ணதாசன், வாலி, வைரமுத்து ஆகியோரின் பாடல்கள் குறித்து முனைவர் பட்ட ஆய்வேடுகள் எழுதப்பட்டுள்ளன. திரைப்பாடல்களில் சங்க இலக்கியத் தாக்கம் என்னும் பொருளில் கருத்தரங்குக் கோவைகள்தோறும் கட்டுரைகள் வந்த வண்ணம் உள்ளன. இது மகிழ்தற்குரியதே. ஆயினும், இவ்வாய்வுகளுக்குள் இடம்பெற்றது பாடலின் ஒரு பாதி மட்டுமே என்பதும், மறுபாதியாகிய காட்சியை நாம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதும் என் கருத்து. பார்க்காததனால் விளைந்த பிழை சிறிதன்று. திணைக் கோட்பாட்டையே அது பொருளற்றதாக்கி வருகிறது. இதனை அந்தமான் கரையை முன்னிறுத்தி எடுத்துரைக்க விழைகிறேன். மாறுபடுவோர் பலர் இவ்விதழின் வாசகர்களுள் இருப்பர் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

நடைமுறையில் உள்ள ஆய்வு முறை யாவரும் அறிந்ததே. ஆய்வாளர் பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறார். கடல், அலை, நுரை, படகு, சங்கு முதலிய சொற்கள் வரும் அடிகளைத் தொகுக்கிறார். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று பத்தி இட்டு அவற்றை நிரப்புகிறார். 'நெய்தல் திணை இன்றும் திரைப்பாடலில் வாழ்கிறது' என்று முடிக்கிறார். நானும் இவ்வாறு ஒரு கட்டுரை எழுதியவனே. அது அச்சிலும் வந்தது. இன்று அதனைப் படிக்கும்போது நான் செய்தது ஆய்வன்று, சொற்களை எண்ணியதே என்பது புலனாகிறது. நான் எடுத்துக்கொண்ட பாடல்களை மக்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, திரையில் பார்த்தனர். 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர்ப் பாடற்காட்சி படத்தினின்றும் பிரிந்து தனித்து உலவலாயிற்று. இணையக் காணொளித் தளங்கள் வந்தபின் படமே இல்லாத பாடற்காட்சிகள், அதாவது இசைக்காணொளிகள், பெருகிவிட்டன. 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின் மையநோக்கப் பாடலும் ஏ.ஆர். ரகுமான் இசையில், கௌதம் வாசுதேவ் மேனன் இயக்கத்தில் ஓர் இசைக்காணொளியாகவே நம்மை வந்தடைந்தது. கலைஞர் யாத்த அப்பாடலின் சொற்களுக்கு விளக்கம் கூறிய நாம், அதன் காட்சிகள் எந்நிலையில் நின்று, எவர் கண்கொண்டு எடுக்கப்பட்டன என்று கேட்டோமா? நம் மாநாட்டுப் பாடலையே நாம் கேட்டோமேயன்றிப் பார்த்தோமில்லை.

சொல்லை நோக்கின் நெய்தலாகவும், காட்சியை நோக்கின் நெய்தலுக்கு நேர்மாறாகவும் ஒரு பாடல் அமைதல் கூடும். அந்தமான் கரைகளில் எடுக்கப்படும் இசைக்காணொளிகளுள் நான் கண்ட மிகப் பல இத்தகையனவே. ஒன்றைப் பெயர் சுட்டிக் குறைகூற வேண்டியதில்லை. ஒன்றைக் கண்டவர் பிறவற்றையும் கண்டவராவர். பறக்கும் ட்ரோன் ஒன்று கடலின் மேலிருந்து கரையை நோக்கி வரும். நீலம், பச்சை, வெண்மை என நீரும் மணலும் பட்டைப் பட்டையாகத் தெரியும். வெண்மணல் நடுவே சிவப்போ மஞ்சளோ உடுத்த ஓர் உருவம் புள்ளியாகத் தோன்றும். அடுத்த நொடியில் அவ்வுருவத்தின் முகம் அண்மைக் காட்சியில் நிறையும். பின்னர்க் கூந்தல் மெல்ல அசையும். அலை பஞ்சுபோல் உருளும். பாட்டின் ஓரடி செல்லுலார் சிறையின் தாழ்வாரத்தில் தொடங்கி, இராதாநகர்க் கரையில் முடியும். முன்னது தலைநகரிலும் பின்னது ஹேவ்லாக் தீவிலும் உள்ளன. இடையே படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். (2018 முதல் ஹேவ்லாக்கின் பெயர் சுவராஜ் தீவு; 2024 முதல் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். தீவு மக்கள் பேச்சில் பழைய பெயர்களும் வழங்குகின்றன.)

இவ்வுத்திகள் ஒவ்வொன்றும் எவ்வாறு செயற்படுகின்றன என்பதைத் தமிழாய்வாளர் அறிதல் வேண்டும். யாப்பறியாதவர் வெண்பாவை ஆராய்தல் எவ்வாறு தகாதோ, அவ்வாறே இதுவும். கூந்தல் மெல்ல அசையும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 24 சட்டகம் என்பது திரைப்படத்தின் இயல்பு வேகம். படப்பிடிப்பிடத்தில் பாடலை இருமடங்கு விரைவில் ஒலிக்கவிட்டு, நடிப்பவரை அவ்விரைவுக்கேற்ப வாயசைக்கச் செய்து, கேமராவை 48 சட்டக வேகத்தில் ஓட்டுவர். அதனை இயல்பு வேகத்தில் திரையிடும்போது வாயசைவு பாட்டோடு பொருந்திவிடும். ஆடை, கூந்தல், அலை ஆகியன மட்டும் பாதி வேகத்தில் இயங்கும். பாடுபவர் ஒரு காலத்திலும் அவரைச் சூழ்ந்த உலகம் மற்றொரு காலத்திலும் இருப்பதாகிய மயக்கம் இவ்வாறு தோன்றுகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் காலத்தைச் செய்யுளுறுப்பாக வைத்தமையை நினைவிற் கொண்டோர்க்கு இது சுவையான பொருள். இதுபற்றி ஒரு கட்டுரையேனும் நம் துறைகளிலிருந்து வந்ததாக நான் கண்டதில்லை.

ட்ரோன் காட்சிக்கும் இவ்வாறே காரணம் உண்டு. அந்தமான் கரைகளின் மணலிற் பெரும்பகுதி பவளப்பாறையும் சிப்பியும் பொடிந்தது, ஆதலின் வெளிறியது. ஆழம் குறைந்த தெளிந்த நீர் அதன்மேல் பரந்திருப்பதால், உயரத்திலிருந்து நோக்கும்போது ஆழத்துக்கேற்ப நிறம் மாறும். ஒளித்தெறிப்பைத் தடுக்கும் வடிகட்டியைக் கண்ணாடிவில்லையில் பொருத்தினால் நீர்ப்பரப்பின் பளபளப்பு நீங்கி அடித்தளமும் தெரியும். பின்னர் நிறச்சீரமைப்பில் நீலமும் பச்சையும் மிகுவிக்கப்படும். முன்பு ஹெலிகாப்டர் இன்றி இயலாதிருந்த இக்காட்சி, சிறு ட்ரோன்கள் மலிந்தபின் திருமண ஒளிப்பதிவாளர்க்கும் எளிதாயிற்று. 2001 முதல் முப்படைக் கூட்டுக் கட்டளையகம் இயங்கும் தீவுகளாதலின் அவற்றைப் பறக்கவிட ஒப்புதல் பெறுதல் வேண்டும் என்பது வேறு.

மாலையொளி குறித்தும் ஒன்று கூற வேண்டும். ஒளிப்பதிவாளர் கதிரவன் சாயும் பொழுதை விரும்புவர். அப்பொழுது ஒளி தாழ்ந்து, முகத்தில் கடுநிழல் விழாது, தோல் பொன்னிறமாகத் தெரியும். அந்தமான் 92 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி அமைந்திருப்பினும், 82½ பாகைக்குரிய இந்தியப் பொது நேரமே அங்கும் வழங்குகிறது. ஆதலின் டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே கதிரவன் மறைந்துவிடுகிறான். படப்பிடிப்புக் குழுவினர் பகலுணவுக்குப் பின் பரபரப்பதற்குக் காரணம் இதுவே. இக்காட்சியைக் காணும் நம் ஆய்வாளர் 'எற்பாடு நெய்தலுக்குரிய சிறுபொழுது. ஆதலின் திணை பொருந்திற்று' என எழுதிவிடுவார். எற்பாட்டின் பொருள் பற்றிய விவாதம் ஒருபுறமிருக்க, நெய்தலில் அப்பொழுது இரங்கலுக்குரியது. தலைவன் தேர் வாராத மாலை அது. காணொளியில் அப்பொழுது தோல் நிறத்துக்குரியது. பொழுது ஒன்றே, பயன் வேறு. பயனும் செய்யுளுறுப்புகளுள் ஒன்று என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இதனினும் பெரிய இழப்பு ஒலியில் நேர்கிறது. நெய்தற் பாடல்களைப் பயின்றவர் கடலை முதலில் செவியால் அறிவர். இரவெல்லாம் ஓயாது முழங்கித் தலைவியை உறங்கவிடாத கடல் அது. ஐங்குறுநூற்றில் நெய்தல் பாடிய அம்மூவனாரிடமும், கலித்தொகையின் நெய்தற்கலியிலும் கடலோடு பேசுதலும் கடலைக் கடிந்துரைத்தலும் வருவது அக்கடல் ஓசையுடையது ஆதலின். இசைக்காணொளியிலோ கடல் ஊமை. படப்பிடிப்பிடத்து ஒலி முழுவதும் நீக்கப்பட்டுப் பாடல் மட்டும் மேலேற்றப்படுகிறது. அந்தமானில் எடுத்தாலும் மாலத்தீவில் எடுத்தாலும் வேறுபாடு தோன்றாமைக்கு நிறத்தைவிட இதுவே காரணம் என்பேன். கருப்பொருளின் நிலையும் அன்னதே. அக்கரைகளில் தாழை உண்டு, புன்னை உண்டு, மணலிற் படரும் அடும்பும் உண்டு. நிக்கோபார் மக்களுக்குத் தாழையின் ஓரினக் கனி உணவுப் பொருள். சங்கப் புலவர் பெயர் சொல்லிப் பாடிய மூன்றும் கண்ணெதிரே நிற்க, கேமரா தென்னை ஒன்றையே தேடிச் செல்கிறது. தென்னை சாய்ந்து நிற்கும் கரையே 'தீவு' என்று உலகச் சுற்றுலா விளம்பரங்கள் கற்பித்துள்ளன.

இனி மையக் கருத்துக்கு வருகிறேன். காட்சியை ஆராய நமக்குத் தேவையான கருவி திணையன்று, கூற்று. செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியன அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. இன்ன இடத்தில், இன்ன சொல்லை, இன்னார் இன்னார்க்குக் கூறினார் என்று பாட்டைக் கேட்பவர் அறியுமாறு அமைவது முன்னம். நெய்தற் பாடல் நெய்தலாவது கடல் என்னும் சொல்லால் அன்று. கடற்கரையில் நின்று ஒருவர் மற்றொருவரிடம் பேசுவதனால். தோழி பேசுகிறாள், தலைவன் சிறைப்புறத்தான். அல்லது தலைவி பேசுகிறாள், தோழி கேட்கிறாள். பேசுபவர் அக்கரையில் வாழ்பவர். வலையும் உப்பும் மீனுணக்கலும் அவர் பேச்சில் வந்து விழுவது அதனால்தான்.

திரைமொழியிலும் கூற்று உண்டு. ஒரு முகம் ஒரு திசை நோக்குவதைக் காட்டி, அடுத்து அவர் நோக்கும் பொருளைக் காட்டினால், அக்காட்சி அவருடைய கூற்றாகிறது. இருவர் முகங்களை மாறி மாறிக் காட்டினால் கூற்றும் கேட்போரும் அமைகின்றனர். படத்தொகுப்பாளர் இதனைப் பார்வைப் பொருத்தம் என்பர். நாம் முன்னம் எனலாம். அந்தமான் இசைக்காணொளிகளின் ட்ரோன் காட்சிக்கு முன்னும் பின்னும் இத்தகைய பார்வை இல்லை. அது யார் கண்ட கடல்? மணலில் நிற்பவர் கண்டதன்று. அவர் கேமராவை நோக்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். மீனவர் கண்டதன்று, அவர் காட்சியிலேயே இல்லை. ஆளற்ற ஒரு கண், ஆளற்றதாக ஆக்கப்பட்ட ஒரு கரையைக் காண்கிறது.

இதற்கு இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். இரண்டும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. முதலாவது, கண்டோர் கூற்று. அகப்பாடலில் தலைவனும் தலைவியும் தோழியும் மட்டுமா பேசுகின்றனர்? கண்டோரும் பேசுகின்றனரே, ட்ரோன் காட்சியைக் கண்டோர் கூற்றாகக் கொள்ளலாகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல வினா. ஆயின் கண்டோர் யாவர்? உடன்போக்கில் செல்லும் இருவரை வழியில் காணும் மக்கள். அவர்கள் சுரத்தின் கொடுமை அறிந்தவர்கள். 'பொழுது சாய்ந்தது, எம் ஊரில் தங்கிச் செல்லுங்கள்' என்று கூறத்தக்க உரிமையும், அந்த இளையோரைக் கண்டு இரங்கும் நெஞ்சும் உடையவர்கள். அவர்கள் காண்பது தரையில் நின்று. பேசுவது தம் ஊர்ப் பெயரால். காணுதல் மட்டும் ஒருவரைக் கண்டோர் ஆக்கிவிடாது. இரங்காத கண்டோர் நம் மரபில் இல்லை.

இரண்டாவது தடை, தூது. பறவையின் உயரத்திலிருந்து நிலத்தைக் காணும் வழக்கம் நமக்குப் புதிதன்று. புறநானூற்றில் பிசிராந்தையார் அன்னச் சேவலை விளித்துக் குமரித்துறையிலிருந்து வடமலை செல்லும் வழியில் உறையூரில் கோப்பெருஞ்சோழனைக் காணுமாறு சொல்கிறார். சத்திமுற்றப் புலவர் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லி அனுப்புகிறார். பின்னர்த் தூது தனிச் சிற்றிலக்கியமாகவே வளர்ந்தது. ஆகவே ட்ரோனை நம் காலத்து அன்னம் எனலாமே? எனலாம், விடுத்தவர் யார் என்று சொல்ல முடியுமாயின். பிசிராந்தையாரின் அன்னத்துக்கு விடுப்பவர் பெயர் உண்டு, பெறுபவர் பெயர் உண்டு, இடைவழி ஊர் உண்டு, விடுத்தவரின் ஏக்கம் உண்டு. நாரைக்குப் புலவரின் வறுமை உண்டு. வானிலிருந்து காண்பதைக் குற்றம் என்று நான் கூறவில்லை. விடுத்தவரும் பெறுபவரும் இல்லாத பறவை தூது ஆகாது என்கிறேன். அந்தமானிலிருந்து சென்னைக்கு மகனையோ மகளையோ படிக்க அனுப்பிவிட்டு இருக்கும் ஒருவரின் ஏக்கத்தைச் சுமந்து அந்த ட்ரோன் ஒருமுறை பறந்திருந்தால், நான் இக்கட்டுரையை எழுதியிரேன்.

திரைப்படங்கள் யாவும் இக்குற்றத்துக்கு உரியன என்பதும் என் கருத்தன்று. 1978இல் முக்தா சீனிவாசன் இயக்கத்தில் சிவாஜி கணேசனும் சுஜாதாவும் நடித்து வெளிவந்த 'அந்தமான் காதலி' தீவின் பெயரைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்வரை கொண்டுசென்றது. ஆயின் தீவைக் காதலுக்குரிய தொலைவிடமாகவே நிறுத்திற்று. பிரியதர்ஷன் இயக்கி 1996இல் வெளிவந்த 'காலாபாணி', தமிழில் அறிவுமதியின் பாடல்களோடும் இளையராஜாவின் இசையோடும் 'சிறைச்சாலை' எனப் பெயர்பெற்றது. அதன் ஒளிப்பதிவுக்காகச் சந்தோஷ் சிவன் தேசிய விருது பெற்றார். அப்படத்தில் தீவைக் காண்பவன் சிறைப்பட்டவன். கடல் அங்கே அழகன்று, மதில். ஆதலின் கூற்று தெளிவாக நிற்கிறது. அதே சிறையின் தாழ்வாரத்தில் இன்று காதலர் கைகோத்து நடக்கும் காணொளிகளைக் காணும்போது, களன் இருக்கக் கூற்று மட்டும் எவ்வாறு பெயர்த்தெடுக்கப்படுகிறது என்பது விளங்கும். செல்லுலார் சிறையின் ஏழு கிளைகளுள் எஞ்சியவை மூன்று. அம்மூன்றனுள் ஒன்றின் நீண்ட வரிசைத் தூண்கள் காட்சிச் சட்டகத்தில் அழகாக அமைகின்றன என்பது மட்டுமே அங்குச் செல்வதற்குக் காரணமாகிவிட்டது.

'பொழுதுபோக்குக் காணொளியிடம் இத்தனை வினா எழுப்புவது மிகை' என்பாரும் உளர். அவர்கட்குத் தீவின் கேமரா வரலாற்றை நினைவூட்டுவேன். அந்தமானியருக்குப் பொறுப்பாக இருந்த ஆங்கில அலுவலர் எம்.வி. போர்ட்மன் 1888இல் அரச ஆசியக் கழக இதழில் அந்தமானியர் இசை பற்றிக் கட்டுரை எழுதினார். கேடயம் போன்ற ஒலிப்பலகையைப் பாட்டுத் தலைவர் காலால் மிதித்துத் தாளமிட, மற்றவர் சேர்ந்து பாடியாடும் முறை அம்மக்களுடையது. அவரே 1890களில் அம்மக்களைக் கட்டமிட்ட துணிப் பின்னணியின் முன் நிறுத்தி அளவெடுப்பதற்காக ஒளிப்படம் எடுத்தார். மக்களுக்குப் பின்னிருந்த நிலத்தை அந்தத் துணி மறைத்தது. இன்றைய ட்ரோன் நிலத்தைக் காட்டி அதன் மீதுள்ள மக்களை மறைக்கிறது. நூறு ஆண்டு இடைவெளியில் நேர்ந்த மாற்றம் இவ்வளவே.

2012 ஜனவரியில் இலண்டனின் 'அப்சர்வர்' இதழ் வெளிப்படுத்திய காணொளியை நாம் மறந்திருக்க மாட்டோம். ஜாரவா பெண்களை உணவுக்காக ஆடுமாறு கேமராவின் முன் ஏவியமை உலகெங்கும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஜாரவா காப்பகத்தின் வழியே செல்லும் அந்தமான் நெடுஞ்சாலையின் பகுதிகளை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002இலேயே ஆணையிட்டிருந்தது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2012இல் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டது. அவர்களைப் படம் எடுத்தல் குற்றம். 2017இல் பழங்குடியினர் தேசிய ஆணையம் இணையத்திலுள்ள ஜாரவா காணொளிகளை நீக்க நடவடிக்கை கோரியது. அந்தக் காணொளிக்கும் பாடற்காட்சிக்கும் யாது தொடர்பு எனலாம். ஆடுபவர் தமக்காக ஆடவில்லை. ஏவியவர் காட்சிக்குள் இல்லை. காண்பவர் எங்கோ இருக்கிறார். கூற்றை நீக்கிய கண் எதுவரை செல்லும் என்பதற்கு அதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. புல்லாடையும் முகக்கருமையும் பூண்ட துணை நடிகரைச் சுற்றி ஆடவிடும் 'பழங்குடி' நடனங்கள் தமிழ்த் திரையில் எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தால், நம் பங்கும் தெரியவரும். கருவியின் மீது குற்றமில்லை. மொழியியலறிஞர் அன்விதா அப்பி அழிந்துவரும் அந்தமானிய மொழிகளின் கதைகளையும் பாடல்களையும் ஒலியாகவும் ஒளியாகவும் பதிவு செய்து 2021இல் நூலாக்கினார். அப்பதிவுகளில் பாடுபவர்க்குப் பெயர் உண்டு. 2010இல் மறைந்த, போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா சீனியர் அவர்களுள் ஒருவர்.

அந்தமான் தமிழர் இக்காட்சிகளில் எங்கே உள்ளனர்? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். ஆயினும் தமிழ்ப் பாடல் ஒலிக்கும் அக்கரையில் தமிழ் பேசும் ஒருவரும் தென்படுவதில்லை. இது வெளியார் செய்யும் பிழை என்று எண்ணியிருந்தேன். தீவில் பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர், தாமே எழுதிப் பாடி நடித்த இசைக்காணொளியை என்னிடம் காட்டியபின் அவ்வெண்ணம் மாறிற்று. பாடல் நன்று, தீவை விட்டுப் பிரிய இயலாத ஒருவனின் பாடல். காட்சியிலோ அவர் வெள்ளாடை அணிந்து, குளிர்கண்ணாடி இட்டு, விடுதிக் கரை ஒன்றில் அன்று காலை வந்திறங்கிய பயணியைப் போல் நடக்கிறார். மேலிருந்து ட்ரோன் தொடர்கிறது. அவர் தந்தை ஜங்கிளிகாட் மீன் இறங்குதளத்தில் வேலை செய்பவர். 'உங்கள் வீடு, அந்த இறங்குதளம், இவற்றை ஏன் எடுக்கவில்லை?' என்று கேட்டேன். 'அது ஃபிரேம்ல நல்லா வராது சார்' என்றார். தம் ஊரைத் தாமே விருந்தினர் கண்ணால் காணுமாறு ஓர் இளைஞரை ஆக்கியது எது? கேமரா மட்டுமன்று. அவர் பள்ளியில் படித்த நெய்தல் பாடத்தில் மீன் இறங்குதளம் இல்லை. கடல், மணல், இரங்கல் என்று மனப்பாடம் செய்வித்தவர்கள் நாமே.

வேறு வழி இல்லாமலில்லை. 2021 மார்ச்சில் வெளிவந்து பல கோடிப் பேர் கண்ட 'என்ஜாய் எஞ்சாமி' காணொளியில், பாடலாசிரியர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள் கேமராவின் முன் அமர்ந்திருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர் அவர். நிலம் அங்கே பின்னணியன்று. உரிமை கோரப்படும் பொருள். வண்ணமும் ஆடையும் நடனமும் குறைவின்றி உள்ளன. வணிக வெற்றியும் பெற்றது. ஆதலின் 'கூற்று வைத்தால் காணொளி ஓடாது' என்பது பொய். அப்பாடலின் ஆக்கத்தில் யார் பங்கு எவ்வளவு என்று 2022இல் எழுந்த பொது விவாதமும்கூடக் கூற்று யாருடையது என்னும் வினாவே அன்றோ?

இங்கே கச்சால் தீவைக் குறிப்பிடாமல் செல்ல இயலவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையின் வழித் தாயகம் திரும்பிய மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத் தொழிலாளராகக் குடியமர்த்தப்பட்டனர். வள்ளியம்மாளின் தலைமுறைக்குரிய அதே வரலாறு, ஒரு கடல் தாண்டி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மிகக் கொடிய அழிவுக்கு உள்ளான தீவுகளுள் கச்சாலும் ஒன்று. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று எழுதும் கை, கச்சாலைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியிருக்கிறதா? நிக்கோபார் தீவுகளுக்குள் வெளியார் செல்ல அனுமதி வேண்டும், அது முறையே. சென்னையிலிருந்து குழு சென்று அங்குப் படமெடுக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. அங்குள்ளவர் கையிலும் இன்று கேமரா உண்டு. அவர்கள் எடுத்தவற்றைத் தேடிப் பார்க்கும் ஆய்வாளர்தாம் நம்மிடம் இல்லை.

பாடற்காட்சி குறித்த ஆய்வேடுகளை நெறிப்படுத்துவோர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே. மாணவர் கொண்டுவரும் அட்டவணையில் முதல், கரு, உரி என்னும் மூன்று பத்திகளுக்கு முன்னர், ஒவ்வொரு காட்சிக்கும் காண்பவர் யார், யாருக்குக் காட்டுகிறார் என்னும் இரு பத்திகளை இடச் செய்க. அவ்விரண்டும் நிரம்பாத காட்சிக்குத் திணை வகுக்க வேண்டா. இவ்வாறு செய்தால் கட்டுரைகளின் எண்ணிக்கை குறையும், குறையட்டும்.

அந்தத் தீவு இளைஞர் சென்ற மாதம் தொலைபேசியில் பேசினார். புதிய பாடல் ஒன்றை இறங்குதளத்திலேயே, விடியற்காலையில், கைபேசியால் எடுத்துவருவதாகக் கூறினார். தந்தை படகிலிருந்து கூடையை வாங்கும் காட்சியில் இயந்திர ஓசையும் ஏலக் கூச்சலும் பாட்டை அமுக்குகின்றனவாம். அவற்றை நீக்கிவிடலாமா என்று கேட்டார். நீக்க வேண்டா என்றேன்.